அப்பாவின் .22 ரைபிள்: மாற்றுவதா, அப்படியே வைத்திருப்பதா?

குன்னூரில் எங்கள் வீட்டு இரும்பு அலமாரியில் இருப்பது இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிஎஸ்ஏ நிறுவனம் செய்த .22 (0.22 அங்குலக் குழல்) போல்ட் ரைபிள்; போல்ட் என்பது கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் தண்டு. மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்திய அந்நிறுவனத்தின் முத்திரை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அப்பா தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்தவர். 1968இல் உரிமம் எடுத்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பிய ஒரு தோட்ட மேலாளரிடமிருந்து இதை வாங்கினார். சென்ற ஆண்டு இது என் பெயருக்கு மாறியது. அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் இதை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

பெயர் மாற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் வாரிசுக்கு என்று தனி விதி இருக்கிறது. உரிமம் வைத்திருப்பவருக்கு 70 வயது நிறைந்திருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை அவர் 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே தன் வாரிசு ஒருவரைக் குறிப்பிட்டு மாற்றக் கோரலாம். அப்பாவுக்கு இரண்டு தகுதியும் இருந்தன. உதகை ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம், காவல்துறை விசாரணை, மருத்துவச் சான்று, பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று என்று வரிசையாக நடந்தது. நேரம் எடுத்தது, ஆனால் சிக்கல் இல்லை. மரணத்துக்குப் பிறகு காவல் நிலையத்தில் ஒப்படைத்து, அங்கிருந்து மீட்க அலையும் குடும்பங்களை இந்த மலையில் நான் பார்த்திருக்கிறேன். வயதான பெற்றோர் வீட்டில் துப்பாக்கி இருந்தால் இதை இப்போதே செய்துகொள்வது நல்லது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியில் என்சிசியில் இருந்தபோது .22 சுட்டுப் பழகியவள் நான். படுத்த நிலையில் 50 மீட்டர் சுட வேண்டும் என்ற ஆசை அப்போதிலிருந்தே உண்டு. அப்பாவின் ரைபிள் கைக்கு வந்ததும் அதைக் கொண்டு அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கோவையில் ஒரு ரைபிள் கிளப்பில் சேர்ந்து முதன்முறை சுட்டபோது குண்டுகள் இலக்கு அட்டை முழுவதும் சிதறின. உடனே யோசனைகள் குவிந்தன. தொலைநோக்கி பொருத்து, குழலைக் குட்டையாக்கு, விசையை இலகுவாக்கு, தோளில் தாங்கும் மரக்கட்டையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் கட்டை போடு, இரும்பின் மேல் மங்கிப்போன நீலப் பூச்சைச் சுரண்டிப் புதிதாக ஏற்று. அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சித்தப்பா, நண்பரின் பட்டறையில் கடைசல் இயந்திரம் இருப்பதாகவும், தொலைநோக்கிக்கு ஒரே நாளில் துளை போட்டுத் தருவதாகவும் சொன்னார். அவர் கை நேர்த்தியை நான் அறிவேன். இருந்தாலும் முதலில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை எடுத்து உட்கார்ந்து படித்தேன்.

அந்த வாசிப்பு பாதி யோசனைகளை அன்றே முடித்துவைத்தது. ஐந்தாம் பிரிவின்படி அந்த வேலைக்கென உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்க்கவோ மாற்றியமைக்கவோ கூடாது. சித்தப்பாவின் பட்டறை அத்தோடு போயிற்று. ஆறாம் பிரிவு குழலைக் குட்டையாக்குவதைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. தனி உரிமம் இல்லாமல் தொடவே முடியாது. அதற்கு அவசியமும் இல்லை. .22 தோட்டாவில் இருக்கும் மருந்து சுமார் 16 அங்குலக் குழலுக்குள்ளேயே தன் வேலையைப் பெரும்பாலும் முடித்துவிடுகிறது. மிச்ச நீளம் வேகத்தை அதிகம் கூட்டுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே அது தரும் இடைவெளிதான் வெறும் கண்ணால் குறி பார்ப்பவருக்குச் சொத்து. இடைவெளி குறையக் குறைய, கண்ணின் சிறு பிசகு இலக்கில் பெரிதாகும்.

எட்டாம் பிரிவு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. துப்பாக்கியின் பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். வேண்டுமென்றே எண்ணை அழிக்கும் ஆட்களுக்கான சட்டம் என்று கடந்துபோகத் தோன்றும். நீலப் பூச்சை ஏற்றுவதற்கு முன் உலோகத்தை மெருகேற்றுவார்கள். அங்குதான் ஆபத்து. அரை நூற்றாண்டு தேய்ந்த எழுத்துகள் மேல் மெருகுச் சக்கரம் இரண்டு முறை ஓடினால் வரிசை எண் படிக்க முடியாமல் போகும். உரிமப் புத்தகத்தில் உள்ள எண் துப்பாக்கியில் இல்லை என்றால், நான் அழகுக்காகச் செய்தேன் என்று யாரிடம் விளக்குவது? எங்கள் ரைபிளில், துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதித்து முத்திரையிடும் பர்மிங்காம் சோதனைச் சாலையின் கிரீடமும் அதன் கீழ் பிஎன்பி எழுத்துகளும் இருக்கின்றன. 1954 விதிகளுக்குப் பிறகு சோதிக்கப்பட்ட துப்பாக்கிகளில் வரும் குறி அது. இந்த ரைபிளின் வயதைச் சொல்லும் சாட்சி வீட்டில் வேறு எதுவும் இல்லை. நீலம் மங்கியபடியே இருக்கட்டும் என்று அன்றே தீர்மானித்தேன்.

கோவையில் உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். மேட்டுப்பாளையம் வழியாக, தோட்டா இல்லாமல், உறையில் பூட்டி, உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு. அவர் போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எதையும் மாற்றுவதற்கு முன் இதைச் சுத்தம் செய்ய வேண்டும் மேடம். உள்ளே ஈயம் அப்பியிருக்கிறது. எதில் துடைக்கிறீர்கள்?"

"என்சிசியில் பழகிய, குழலுக்குள் துணியை இழுக்கும் புல்த்ரூ கயிறுதான். அப்பாவும் அதைத்தான் வைத்திருந்தார்."

"கயிறு வாய்ப்பக்கம் உரசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார் உங்கள் அப்பா. விளிம்பு கெடவில்லை. அது கெட்டிருந்தால் குண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது."

குழலின் வாய் விளிம்பு சமமாக இருந்தால்தான் குண்டு வெளியேறும் கணத்தில் அதன் பின்னால் வரும் வாயு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விலகும். ஆகவே போல்ட்டைக் கழற்றிப் பின்பக்கத்திலிருந்து கம்பியை விட்டுத் துடைக்க வேண்டும் என்று காட்டினார். பிறகு குழலையும் கட்டையையும் இணைக்கும் திருகுகளைச் சோதித்தார். ஒன்று தளர்ந்திருந்தது. இறுக்கிக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வகைத் தோட்டாக்களில் சுட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள், அதன்பிறகு பேசலாம் என்றார். வேலை கொடுக்க வந்தவளை வேலை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

சுத்தம் செய்து, திருகை இறுக்கி, ஒலியின் வேகத்துக்குக் கீழே செல்லும் போட்டித் தோட்டாவில் சுட்டபோது, சிதறிக்கிடந்த ஐந்து குண்டுகளும் ஏறக்குறைய 30 மில்லிமீட்டருக்குள் ஒன்றுகூடின. அதிவேகத் தோட்டாவில் அதே ரைபிள் அதைப்போல இரண்டு மடங்கு விரித்தது. ரைபிளில் எதையுமே மாற்றாமல் வந்த முன்னேற்றம் இது.

ஆனாலும் ஒரு புதிர் மிஞ்சியது. ஐப்பசி மழையில் குன்னூரிலிருந்து எடுத்துச்சென்றபோது குண்டுகள் ஒரு பக்கமாக ஏறி விழுந்தன. பங்குனி வெயிலில் சரியான இடத்துக்கு வந்தன. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. வாரக்கணக்கில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த ஈரத்தைக் குடித்த அக்ரூட் (வால்நட்) மரக்கட்டை உப்பி, முன்பகுதியில் குழலைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு காகிதத்தைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே செருகி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மழைக்காலத்தில் காகிதம் பாதி வழியில் சிக்கியது. பிளாஸ்டிக் கட்டை போடச் சொன்னவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மலையில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மரம் ஓயாத வேலை. ஆளிவிதை எண்ணெயைக் கையால் தேய்த்து ஊறவிட்டு, கட்டையின் உட்புறத்தையும் விடாமல் பூசினேன். துணி உறையிலும் தோல் உறையிலும் போட்டு வைப்பதை நிறுத்தினேன், இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பைத் துருவேற்றும். அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைத்து, அவ்வப்போது மாற்றுகிறேன். குறி நகர்வது முழுவதும் நிற்கவில்லை, வெகுவாகக் குறைந்தது.

தொலைநோக்கியைப் பற்றிச் சித்தப்பா விடவில்லை. அதைப் பொருத்த இந்த ரைபிளின் மேல்பகுதியில் துளையிட்டு மரை வெட்ட வேண்டும். போட்ட துளையைத் தடம் தெரியாமல் மூடுவது எளிதல்ல. அதைவிட முக்கியம், நான் சுட விரும்பிய 50 மீட்டர் ரைபிள் போட்டியில் சர்வதேச விதிப்படி தொலைநோக்கிக்கு இடமே இல்லை. அந்த இலக்கின் பத்து புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். சிறு துளை வழியாகப் பார்க்கும் குறி வைத்த, ஆளின் தோளுக்கும் கன்னத்துக்கும் ஏற்பத் திருகிக்கொள்ளும் போட்டி ரைபிள்கள் அதற்கென்றே இருக்கின்றன. தோட்டத்தில் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கச் செய்த மெல்லிய ரைபிளை எவ்வளவு வெட்டி ஒட்டினாலும் அது அந்த இடத்துக்குப் போகாது. இரண்டுக்கும் நடுவே எதற்கும் உதவாத ஒன்றாக நிற்கும். விசையை இலகுவாக்கும் யோசனையையும் விட்டேன். உள்ளே கொக்கிகள் ஒன்றையொன்று பிடிக்கும் விளிம்பைத் தேய்த்துத்தான் இலகுவாக்குவார்கள். ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்ந்தால் ரைபிள் கீழே இடித்தாலே வெடிக்கக்கூடும். கனமான விசைக்கு என் விரலைப் பழக்குவது மேல்.

கடைசியாக நின்றது கட்டையின் நீளம். இதுதான் மனதை அதிகம் அலைக்கழித்தது. அப்பா ஆறடி உயரம், நான் ஐந்தடியைச் சற்றே தாண்டியவள். தோளில் வைத்தால் கழுத்தை நீட்டித்தான் குறியைப் பார்க்க முடிகிறது. பின்முனையில் ஓர் அங்குலம் அறுத்தால் போதும். அப்பாவிடம் கேட்டேன். வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"அறுத்துக்கொள் கண்ணு. உன் தோளுக்குப் பொருந்தாததை நீ எப்படிச் சுடுவாய்? எனக்கும் அது நீளம் குறைவுதான், நான் தடிமனான கம்பளிக் கோட்டு போட்டுச் சமாளித்தேன்."

"மேலாளர் வாங்கிய கட்டை அப்பா, அவர் பெயரின் முதல் எழுத்து அடியில் செதுக்கியிருக்கிறதே."

"அவர் அவருக்காகச் செதுக்கினார்."

அவர் சொன்னதில் சரி இருந்தது. கருவி என்பது பயன்படுத்துபவருக்கானது. அதே நேரம், எனக்குப் பிறகு என் மகன் இதை எடுப்பானானால் அவன் இப்போதே என்னைவிட உயரம். அறுத்த மரம் வளராது. பழுதுபார்ப்பவரிடம் மறுபடியும் போனேன். பழைய கட்டையைத் தொடாமல், என் அளவுக்கு இன்னொரு கட்டையைச் செதுக்கித் தர ஒப்புக்கொண்டார். கூடலூர்ப் பக்கத்து ஈட்டி மரத்தில் அழகாக வருமே என்றேன். அது இரும்பு போல் கனக்கும், தோளும் கையும் சோர்ந்துபோகும் என்று மறுத்துவிட்டு, காய்ந்த காஷ்மீர் அக்ரூட் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். குழலின் முன்பகுதியைத் தொடாதபடி உள்ளே சற்று அகலமாகவே குடைந்து தந்தார். வேலைக்கான ரசீதை உரிமப் புத்தகத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

பழைய கட்டை எண்ணெய் தடவி அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. இரண்டு திருகைக் கழற்றினால் ரைபிள் 1968இல் வந்தபடியே ஆகிவிடும். போட்டிக்குக் கிளப்பின் ரைபிளில் சுடுகிறேன். அப்பாவின் ரைபிளைப் பயிற்சி முடிந்தபின் கடைசியாக எடுப்பேன், 25 மீட்டரில், வெறும் கண்ணால். வீட்டில் விசைப் பழக்கத்துக்கு, ஏற்கெனவே சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக் கூடு ஒன்றைக் குழலின் பின்முனையில் போட்டுக்கொள்கிறேன்; .22இல் வெறுமனே விசையை இழுத்தால் தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி குழலின் பின்விளிம்பைக் குத்திக் கெடுத்துவிடும். புதிய கட்டையில் முதல் மழைக்காலம் இனிமேல்தான் வரப்போகிறது. காகிதம் தடையில்லாமல் ஓடுகிறதா என்று ஐப்பசியில் பார்க்க வேண்டும்.