பாமினியில் மாட்டிக்கொண்ட அப்பாவின் புத்தகம்

கண்புரை அறுவை முடிந்த அப்பாவுக்காகத் தங்கை, மின்னூல் படிக்கும் தன் பழைய கிண்டில் கருவியை பெங்களூரிலிருந்து அனுப்பிவைத்தாள். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாமே என்று. அதில் அப்பா முதலில் கேட்ட புத்தகம் எது தெரியுமா? அவரே எழுதியது. கடலூரைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்கள் பற்றி 140 பக்கம். அப்பர் கல்லோடு கரையேறியதால் கரையேறவிட்டகுப்பம், இப்படி ஊருக்கு ஒரு கதை. 2004இல் மஞ்சக்குப்பத்தில் ஒரு டிடிபி கடையில் அடித்து அச்சிட்டு, கல்யாணம் காதுகுத்து என்று போன இடமெல்லாம் கொடுத்தே தீர்த்துவிட்டார். மிஞ்சியது ஒரு சிடி. 2011 டிசம்பரில் தானே புயல் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனபோதும் அது பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது.

உள்ளே இருந்தது பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்பு. என் கணினியில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ்தான். லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் 4.4 பதிப்பு முதல் பேஜ்மேக்கர் கோப்பையும் திறக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். திறந்தது, ஆனால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததென்றால் அப்படித்தான் இருக்கும். 'அம்மா' என்பது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கும். எழுத்துருதான் அதற்குத் தமிழ் வேஷம் போடுகிறது.

சரி, எழுத்துருவை நிறுவினால் போச்சு என்று நினைத்தேன். அது ஐந்து நிமிட வேலை. ஃபாண்ட் மேனேஜர் என்ற திறமூலச் செயலியில் கோப்பைக் கொடுத்தால் அதுவே உரிய இடத்தில் வைத்துவிடும். கையாலும் செய்யலாம்: நம் ஹோம் ஃபோல்டருக்குள் எழுத்துருக்களுக்கென்று ஒரு மறைவான இடம் இருக்கிறது, அங்கே போட்டுவிட்டு டெர்மினலில் எஃப்சி-கேஷ் கட்டளையைக் கொடுத்தால் போதும். திரையில் தமிழ் வந்தது. அப்படியே காலிபர் என்ற மின்னூல் மென்பொருளில் ஏற்றி, பாமினி எழுத்துருவையும் உள்ளே பொதிந்து, கிண்டிலுக்கு அனுப்பினேன். அழகாகத் தெரிந்தது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலை அப்பா கூப்பிட்டார். "டேய், இதுல ஏதோ வைரஸ் புகுந்துடுச்சு." எழுத்தைப் பெரிதாக்கப் போன இடத்தில் கை தவறி வேறு எழுத்துருவைத் தொட்டிருக்கிறார். வேஷம் கலைந்து புத்தகம் முழுக்க மறுபடி அரைப்புள்ளி. தேடலில் 'கெடிலம்' என்று ஆற்றின் பெயரைத் தேடினால் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அந்தக் கோப்பில் கெடிலம் என்ற சொல்லே கிடையாது! ஆகவே முதலில் யூனிகோடு: அதில்தான் எழுத்துரு எதுவானாலும் தமிழ் தமிழாகவே கிடக்கும். எழுத்துரு எல்லாம் அதற்கு அப்புறம்.

பாமினியை யூனிகோடாக்கும், இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றியில் பெட்டி பெட்டியாக உரையை ஒட்டி மாற்றினேன். (ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்திலேயே பாமினியை மாற்றும் வசதி இருப்பது பிறகுதான் கண்ணில் பட்டது. இரண்டு மாலைகள் மிச்சமாகியிருக்கும்.) நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகவே வந்தது. மீதிப் பத்துதான் உயிரை வாங்கியது. செயின்ட் டேவிட் கோட்டை பற்றிய பக்கத்தில் அப்பா கோட்டையின் பெயரை ஆங்கிலத்திலும் போட்டிருந்தார். மாற்றிக்கு அது ஆங்கிலம் என்று எப்படித் தெரியும்? 'ஃபோர்ட்' என்பதன் நான்கு எழுத்துகளும் 'குழசவ' ஆகிவிட்டன. அரை மணி நேரம் அது எந்த ஊர்ப்பெயர் என்று யோசித்தேன்.

பெரிய தலைவலி ஔகாரம். பாமினியில் அதற்குத் தனிக் குறி இல்லை, ஒற்றைக் கொம்பும் 'ள'வும் போட்டுச் சமாளிப்பார்கள். மாற்றி அந்த இரண்டையும் எங்கே பார்த்தாலும் ஔகாரம் என்று சேர்த்துவிட்டது. வெள்ளாறு, வெள்ளம், வெள்ளி கடற்கரை எல்லாம் 'வௌ்' என்று ஆரம்பித்தன. கடலூர் பற்றிய புத்தகத்தில் வெள்ளம் இல்லாத பக்கம் உண்டா? ஔகாரக் குறிக்குப் பின்னால் புள்ளியோ இகரக் கொக்கியோ வரவே முடியாது. அப்படி வந்த இடங்களை மட்டும் காலிபரின் எடிட்டரில் தேடி மாற்றச் சொன்னேன். நல்லவேளை, எல்லா ஔகாரத்தையும் ஒரே அடியாக மாற்றவில்லை. மாற்றியிருந்தால் வௌவால் போயிருக்கும்.

காலிபர், சோனியின் வாசிப்புக் கருவி லினக்ஸில் ஓடவில்லை என்று கோவிட் கோயல் 2006இல் தனக்காக எழுத ஆரம்பித்தது. இன்றும் அப்படியொரு பிடிவாதக்காரனின் கருவி போலத்தான் இருக்கும்; எங்கே தொட்டாலும் ஒரு பெட்டி திறக்கும். நமக்கு வேண்டியது கொஞ்சம்தான். மாற்றும்போது தோற்றம் பற்றிய பகுதியில் எழுத்துருக் குடும்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பயன்படும் எழுத்துகளை மட்டும் பொதியச் சொன்னால் கோப்பு சிறுக்கும். கிண்டிலில் பதிப்பாளர் எழுத்துரு என்பதைத் தேர்ந்தால்தான் பொதிந்தது தெரியும். காலிபர் தன் நூலக ஃபோல்டரில் தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் பெயர் வைக்கும். பார்க்கச் சகிக்காது. ஆனாலும் அதைக் கையால் மாற்றாதீர்கள், நான் மாற்றிவிட்டுப் புத்தகத்தைக் காணோமென்று தேடினேன்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தது அப்பா. கட்டமரன், மீரா இனிமை, நோட்டோ செரிஃப் மூன்றும் திறந்த உரிமத்தில் வருபவை, தயங்காமல் புத்தகத்துக்குள் பொதியலாம். மூன்றையும் ஒரே பக்கத்தில் காட்டினேன். கட்டமரன் "பத்திரிகை மாதிரி இருக்கு." மீரா "பரவாயில்ல." நோட்டோ செரிஃபைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இதுதாண்டா புஸ்தகத்து எழுத்து."

ஒரு வாரம் படித்தார். பிறகு ஒரு தாளை நீட்டினார். 2004இல் அச்சிலேயே நின்றுபோன பிழைகள், முப்பத்தொன்று. அவற்றைத் திருத்தி மறுபடி அனுப்பியதும் அடுத்த தாள் வந்தது. அதில் ஒரே வரி: முதல் பக்கத்தில் 'இரண்டாம் பதிப்பு' என்று போடவும்.