அவசரத் தொடர்புக்கு ஒரு பெயர்

பணியிட மாற்ற உத்தரவு கைக்கு வந்த அன்று இரவே செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியலிட்டேன். பொருள்களைக் கட்டுவது, வண்டிக்கு ஏற்பாடு செய்வது, பழைய வீட்டின் முன்பணத்தைத் திரும்பப் பெறுவது, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ், வங்கியில் முகவரி மாற்றம் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட வரிகள் சேர்ந்தன. ஏறத்தாழ அத்தனையையும் குறித்த நாளுக்குள் முடித்தேன். ஆயினும் குடும்பம் புதிய நகரில் ஊன்றி நிற்க ஒன்றரை ஆண்டு பிடித்தது. அந்தத் தாமதத்துக்கான காரணம் ஒன்றுகூட என் பட்டியலில் இல்லை.

குடும்பத்துக்கு இரண்டு மாதம் முன்பாகவே நான் மட்டும் சென்று பணியில் சேர்ந்தேன். அவர்கள் வந்து இறங்கும்போது எல்லாம் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வீடு பார்த்து, அன்று மாலையே ஓராண்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். அலுவலகத்துக்குப் பதினைந்து நிமிட நடை, அறைகளும் விசாலமானவை. பள்ளி நகரின் மறுமுனையில் அமைந்தது. அதனால் அந்த ஆண்டு முழுவதும் ஒன்பது வயது மகன் நாள்தோறும் போகவும் வரவும் ஐம்பது ஐம்பது நிமிடங்கள் பேருந்தில் கழித்தான். இன்று யாரேனும் என்னிடம் ஆலோசனை கேட்டால், முதலில் பள்ளியையும் அதன் பிறகு வீட்டையும் முடிவு செய்யுங்கள், உங்கள் அலுவலகத் தூரத்தைக் கடைசியாகப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். குடும்பத்தில் யாராவது ஒருவர் நெடுந்தூரம் பயணம் செய்தே ஆக வேண்டுமென்றால் அது பெரியவராக இருக்கட்டும். வீட்டையும் வேலை நாளின் காலை நெரிசல் நேரத்தில் ஒரு முறை, இரவு ஒன்பது மணிக்கு மேல் மறுமுறை பார்க்க வேண்டும். முடிந்தால் முதல் மூன்று மாதங்களுக்குத் தற்காலிகமாக ஓரிடத்தில் தங்கி, எல்லோரும் சேர்ந்து நகரைப் பார்த்த பிறகு நிரந்தர வீட்டைத் தேடுவது நல்லது. நான் தனியாகச் செய்த முடிவில் வேறு நால்வர் வாழ வேண்டியிருந்தது என்பதை அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில், பெற்றோரைத் தவிர உள்ளூரில் அவசரத்துக்குத் தொடர்புகொள்ளக்கூடிய இருவரின் பெயர்களைக் கேட்டிருந்தார்கள். நெடுநேரம் யோசித்து, பக்கத்து மேசையில் அமர்ந்திருந்த சக ஊழியரின் பெயரை அவருடைய அனுமதியுடன் எழுதினேன். இரண்டாவது இடத்தில் அலுவலக வரவேற்பறையின் தொலைபேசி எண்ணை நிரப்பினேன். ஊரிலேயே எங்களுக்கு அவ்வளவுதான் ஆள்பலம்.

பணியிட மாற்றம் குடும்பத்தினர் எல்லோருக்கும் பொதுவான நிகழ்வு என்றே நான் நினைத்திருந்தேன். உண்மையில், வேலைக்குச் செல்பவரை மட்டும் ஓர் அமைப்பு வாசலில் நின்று வரவேற்கிறது. எனக்கு முதல் நாளே ஒரு மேசை, அடையாள அட்டை, சேர்ந்து உணவருந்தப் பதினொரு பேர் கொண்ட ஒரு குழு, என் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையுள்ள மனிதர்கள் என எல்லாம் கிடைத்தன. பழைய இடத்தில் நான் சம்பாதித்த அனுபவமும் பதவியும் என்னுடனேயே வந்துவிட்டன. என் மனைவியோ கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். நான்காவது வாரத்தில், தொலைபேசியில் விசாரித்த உறவினர் ஒருவரிடம் நாங்கள் நன்றாகப் பொருந்திவிட்டோம் என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த அவர், அன்றிரவு என்னிடம், அந்த வாரம் முழுவதும் வீட்டுக்கு வெளியிலிருந்து தன்னிடம் பேசியவர்கள் மூன்றே பேர், மூவரும் ஏதோ பழுது பார்க்க வந்தவர்கள் என்றார். குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. அதனாலேயே அந்தச் சொற்கள் என்னை நெடுநாள் விடவில்லை.

பின்னாளில் இது குறித்துப் படித்தபோது, தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரஹே என்னும் மனநல மருத்துவர்கள் 1967-இல் வெளியிட்ட அளவுகோல் ஒன்றைக் கண்டேன். வாழ்வில் நேரும் 43 மாற்றங்களுக்கு, அவற்றுக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்ள மனிதர்கள் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதைக் கொண்டு அவர்கள் மதிப்பெண் அளித்திருந்தார்கள். வாழ்க்கைத்துணையின் இறப்புக்கு 100. குடியிருப்பு மாற்றத்துக்கு வெறும் 20. ஆனால் அது தனியாக வருவதில்லை. வாழும் சூழல் மாறுவதற்கு 25, பழகும் வட்டம் மாறுவதற்கு 18, உறக்கப் பழக்கம் மாறுவதற்கு 16, உணவுப் பழக்கம் மாறுவதற்கு 15 என்று எல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தால் கூட்டுத்தொகை 94 ஆகிறது. என்னை அதைவிடவும் உறுத்தியது வேறொரு வரி. துணை வேலையைத் தொடங்குவதற்கோ நிறுத்துவதற்கோ அந்த அளவுகோல் 26 தருகிறது. அது வேலையை விட்டவரின் துணைக்கு உரிய மதிப்பெண். பணிநீக்கத்துக்கும் ஓய்வுக்கும் தனித்தனி வரிகள் உண்டு. கணவனின் அல்லது மனைவியின் இடமாற்றத்துக்காகத் தானே வேலையை விட்டு வருபவருக்கென்று ஒரு வரி அதில் இல்லை.

பிள்ளைகள் விஷயத்தில் என் கணிப்பு தலைகீழாயிற்று. பதினான்கு வயது மகள் புறப்படும்போதே அழுதாள், சண்டையிட்டாள், வந்த பிறகும் ஒரு மாதம் எதையும் குறை சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்காகவே நாங்கள் கவலைப்பட்டோம். மகன் எதற்கும் தலையசைத்தான். அவன் எளிதில் பொருந்திவிட்டதாக நம்பினோம். மூன்றாவது மாதத்தில் அவனுடைய வகுப்பு ஆசிரியர், இவன் இடைவேளையில் யாருடனும் விளையாடுவதில்லை, நூலகத்தின் படிக்கட்டில் அமர்ந்திருக்கிறான் என்று சொன்னபோதுதான், அழுதவள் தன் துயரத்தை இறக்கி வைத்துவிட்டதும் இவன் அதைச் சுமந்துகொண்டிருப்பதும் எங்களுக்குப் புரிந்தன.

நட்பு உருவாக எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் கணக்கிட்டிருக்கிறார். அண்மையில் ஊர் மாறி வந்தவர்களும் அந்த ஆய்வில் இடம்பெற்றிருந்தார்கள். அறிமுகம் சாதாரண நட்பாக மாற ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்பது அவருடைய கண்டறிதல். அவர் ஆராய்ந்தது பெரியவர்களைத்தான் என்றாலும் அந்தக் கணக்கு எனக்கு வழிகாட்டியது. மின்தூக்கியில் நாள்தோறும் இரண்டு நிமிடம் புன்னகைத்துக்கொள்ளும் அயலாருடன் 50 மணி நேரத்தைச் சேர்க்க நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதே முகங்களை வாரத்தில் மூன்று நாள், ஒன்றரை மணி நேரம் சந்தித்தால் பதினொரு வாரங்களில் அந்த எல்லையைத் தொட்டுவிடலாம். மகனை நீச்சல் பயிற்சியில் சேர்த்தோம். என் மனைவி பகுதி நூலகத்தில் தன்னார்வலராக வாரத்தில் இரண்டு மாலைகள் செல்லத் தொடங்கினார். அந்த மாலைகளில் வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து கிளம்ப வேண்டியிருந்தது. புதிய இடத்தில் இப்படிக் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று நான்கு மாதம் தயங்கிய ஒன்றை, மேலாளர் ஒரே நிமிடத்தில் ஒப்புக்கொண்டார்.

இடமாற்றத்துக்குப் பணியாளருக்கு வழங்கப்படும் விடுப்பும் படியும் பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களோடு முடிந்துவிடுகின்றன. அந்த நாள்களில் பரபரப்பே எங்களைத் தாங்கிக்கொண்டது. மூன்றாம், நான்காம் மாதங்களில்தான், பெட்டிகள் பிரிக்கப்பட்டு எல்லாம் ஒழுங்கான பிறகு, இனி இதுதான் வாழ்க்கை என்பது உறைக்கிறது. எனக்கு அதிகாரம் இருக்குமானால், விடுப்பில் பாதியை அந்த மாதங்களுக்கென ஒதுக்கி வைப்பேன். பிள்ளைகளின் பழைய பள்ளியிலிருந்து சான்றிதழுடன், ஒவ்வொரு பாடத்திலும் எதுவரை நடத்தியிருக்கிறார்கள் என்ற ஒரு பக்கக் குறிப்பையும் வாங்கி வருமாறு எல்லோருக்கும் சொல்வேன். முதியவர் உடன் வந்தால் மருந்துகளின் வணிகப் பெயருக்குப் பதிலாகப் பொதுப்பெயரையும் அளவையும் எழுதி வைத்திருக்க வேண்டும். அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை வேறு பெயரில், வேறு நிறத்தில் கிடைத்தபோது, அட்டையில் அம்லோடிபின் என்ற சொல்லைத் தேடிப் பார்த்துக் காட்டிய பிறகே அவர் அதை விழுங்கினார்.

ஆறாவது மாதத்தில் மகன் பள்ளியில் விழுந்து மணிக்கட்டில் அடிபட்டான். நான் கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு நுழைய வேண்டிய கூட்டத்தில் இருந்தேன். மனைவி அம்மாவுடன் மருத்துவமனையில் இருந்தார். பள்ளியிலிருந்து படிவத்தில் இருந்த சக ஊழியரை அழைத்திருக்கிறார்கள். அவர் வேலையைப் போட்டுவிட்டு உடனே சென்றார். அதுவரை அவரைப் பார்த்தேயிராத என் மகன், வலியோடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அவருடன் வர மறுத்துவிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் வரவேற்பறையில் இரு நாற்காலி இடைவெளி விட்டு அமர்ந்திருந்தார்கள். எலும்பு முறியவில்லை. ஆனால் அந்த இரண்டு நாற்காலி இடைவெளியை என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்தில் அதே படிவம் மீண்டும் வந்தது. நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது அது நிரப்பப்பட்டு மேசைமேல் இருந்தது. அவசரத் தொடர்புக்கான இரண்டு கட்டங்களிலும் என் மனைவியின் கையெழுத்தில் இரண்டு பெயர்கள். ஒருவர் நூலகத்தில் அவருடன் பணியாற்றுபவர். மற்றொருவரை எனக்குத் தெரியவில்லை. யார் என்று கேட்டேன். மனைவி பதில் சொல்வதற்குள், உள்ளறையிலிருந்து மகன், நீச்சல் முடிந்ததும் தான் வழக்கமாகப் போகும் வீடு அது என்று குரல் கொடுத்தான்.