அமுக்கக் கணக்கில் நான் பிழைவிட்ட இடம்

உயர்தரப் பௌதிகவியலில் வாயுக் கணக்கு எனக்கு ஒரு தவணை முழுக்கப் பிழைத்தது. விதிகள் எல்லாம் பாடம். விடை மட்டும் வராது. அதைத் திருத்தித் தந்தது நிலாவெளியில் சுழியோடிகளுக்குக் காற்றுச் சிலிண்டர் நிரப்பும் என் மாமா.

ஒருநாள் பின்னேரம் 200 பார் (பார் என்பது அமுக்கத்தின் அலகு) வரை நிரப்பி வைத்த சிலிண்டரின் அமுக்கமானி விடியப் பார்த்தால் 183 காட்டியது. "பிள்ளை, எங்கேயோ லீக்" என்று வால்வைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீர் பூசினார். ஒரு குமிழிகூட வரவில்லை. வால்வில் காற்றுக் கசியாமல் அடைக்கும் இறப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றிப் பார்த்தார், வெடிப்பில்லை. அப்போதுதான் நினைவு வந்தது: முதல்நாள் வேகமாக நிரப்பியதில் சிலிண்டர் தொட முடியாமல் சுட்டது.

கொப்பியை எடுத்தேன். சூட்டை 54 பாகை என்று வைத்துக்கொண்டேன், விடியற்காலை 27. கனவளவு மாறாதபோது அமுக்கம் வெப்பநிலைக்கு நேர்விகிதசமன். அப்படியே பிரதியிட்டால் 200 பாதியாகி 100 பார்! மாமாவின் கண்முன்னே மானி 183 காட்டுகிறது. பரீட்சையில் நான் விட்ட பிழை இதுவேதான். விதி கேட்பது தனிவெப்பநிலை, அதாவது பாகையோடு 273 ஐக் கூட்டி வரும் கெல்வின். 327 கெல்வின், 300 கெல்வின் என்று மாற்றி, மானி காட்டாத வளிமண்டலத்தின் 1 பாரையும் சேர்த்து, 201 இலிருந்து தொடங்கினால் 184 சொச்சம் வரும். திரும்ப 1 ஐக் கழித்தால் மானியில் 183. (இவ்வளவு உயர் அமுக்கத்தில் உண்மை வாயு கொஞ்சம் விலகும்; பாடத்திட்டத்துக்கு இலட்சிய வாயு போதும்.)

அந்த 1 பார் இங்கே சின்னது. கடலுக்குள் அதுதான் பெரியது. புறாத்தீவுப் பக்கம் 10 மீற்றர் ஆழத்தில் நீரால் வருவது 1 பார், வளிமண்டலம் 1 பார், மொத்தம் 2. அங்கிருந்து எழும் குமிழியின் கனவளவு மேலே வரும்போது இரட்டிக்கும். வளிமண்டலத்தை விட்டுவிட்டால் மேற்பரப்பில் அமுக்கம் பூச்சியம், கணக்கே நகராது. பரீட்சையில் இப்படியொரு குமிழி வினாவில் நான் பாதி நேரத்தைத் தொலைத்தேன்.

ஆகவே தரவை எழுதும்போதே ஒவ்வொரு அமுக்கத்துக்கும் பக்கத்தில் "மானி" அல்லது "மொத்தம்" என்று குறியுங்கள். பாகையைக் கண்டால் சமன்பாட்டைத் தொடமுன் 273 ஐக் கூட்டுங்கள்.

மாமா இப்போது மெதுவாக நிரப்புகிறார். ஆறவிட்டு, குறைந்ததை மறுபடி ஏற்றுகிறார்.