ஆலன் வைட்டிங்: நாளிதழ் படித்தே சீனாவைக் கணித்தவர்

நாளிதழில் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் பார்ப்பவன் நான். சீன வெளியுறவு அமைச்சகம் யாரையாவது எச்சரிக்காத வாரம் அபூர்வம். ஏஜென்சி காப்பி வந்து விழுந்ததும், "சார், சிங்கிள் காலமா, டபுள் காலமா?" என்று பக்கத்து மேஜைத் தம்பி கேட்பான். எது வெறும் உறுமல், எது கடிக்கப் போவதற்கான அறிகுறி? இந்த ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டியே பெரும் பெயர் எடுத்தவர் அமெரிக்க சீன ஆய்வாளர் ஆலன் வைட்டிங்.

1949 புரட்சிக்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்க ஆய்வாளர்கள் சீனாவுக்குள் காலடி வைக்க வழியில்லை. சீனக் கம்யூனிஸ்ட் கட்சி நாளிதழான பீப்பிள்ஸ் டெய்லியின் தலையங்கம், பீகிங் (இன்றைய பெய்ஜிங்) வானொலி, தலைவர்களின் பேச்சு, இவைதான் கையில். அதை வைத்துக்கொண்டு, ரேண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் இருந்தபோது வைட்டிங் எழுதிய 'சைனா கிராசஸ் தி யாலு' 1960-இல் வந்தது. கொரியப் போரில் சீனா ஏன் குதித்தது என்பதுதான் விஷயம்.

அதில் நம்மவர் ஒருவருக்கும் பங்கு உண்டு. 1950 அக்டோபர் 2 நள்ளிரவு. பீகிங்கில் தூங்கிக்கொண்டிருந்த இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரை எழுப்பி, சீனப் பிரதமர் சூ என்லாய் வீட்டுக்கு வரச் சொன்னார்கள். வட, தென் கொரியாக்களைப் பிரித்த 38-ஆவது இணைகோட்டைத் தென்கொரியப் படை மட்டும் தாண்டினால் பரவாயில்லை, அமெரிக்கப் படை தாண்டினால் நாங்கள் சும்மா இருக்க மாட்டோம் என்றார் சூ. செய்தி டெல்லி வழியாக வாஷிங்டன் போனது. பணிக்கர் சீனாவுக்குச் சாய்ந்தவர் என்று அங்கே ஏற்கெனவே ஓர் எண்ணம்; சட்டை செய்யவில்லை. அக்டோபர் 19 அன்று சீனப் படை, கொரிய எல்லையிலுள்ள யாலு நதியைத் தாண்டியது.

மாஸ்கோ ஏவியதால் வந்தார்கள் என்று சொல்லி முடித்துக்கொள்வது அப்போது எளிது. இல்லை, தன் எல்லைக்கு ஆபத்து என்று பயந்து, படிப்படியாகக் குரலை உயர்த்திவிட்டுத்தான் சீனா இறங்கியது என்றார் வைட்டிங். முதல் மோதலுக்குப் பின், நவம்பர் தொடக்கத்தில் சீனர்கள் திடீரென்று பின்வாங்கினார்கள். அந்த இடைவெளியையும் ஒரு செய்தியாகவே அவர் படித்தார். அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் அப்படிப் படிக்கவில்லை. நவம்பர் 24-இல் 'இறுதி' தாக்குதலைத் தொடங்கி, வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பிறகு அரசுப் பணி. 1962 முதல் 1966 வரை வெளியுறவுத் துறையின் தூர கிழக்கு ஆய்வுப் பிரிவு, அப்புறம் ஹாங்காங்கில் துணைத் தூதரகப் பொறுப்பு, அதுவும் கலாச்சாரப் புரட்சி கொதித்த நேரம். 1968-இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் போனாலும் வாஷிங்டன் அவரை விடவில்லை. 1969 ஆகஸ்டில், சோவியத் யூனியன் சீனாவைத் தாக்கும் அபாயம் நிஜமானது என்று அதிபர் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிசிஞ்சரிடம் நேரில் எடுத்துச் சொன்னார். இரண்டு ஆண்டுகள் கழித்து கிசிஞ்சர் ரகசியமாகப் பீகிங் போனது தெரிந்த கதை.

என்னைக் கேட்டால், நமக்கு முக்கியமானது 1975-இல் வந்த 'தி சைனீஸ் கால்குலஸ் ஆஃப் டிடரன்ஸ்'. 1962 இந்திய-சீனப் போரைப் பீகிங்கின் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். பெரும் பஞ்சத்திலிருந்து நாடு இன்னும் எழவில்லை. மேற்கு எல்லையிலுள்ள சின்ஜியாங்கிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக சோவியத் பக்கம் ஓடுகிறார்கள். கம்யூனிஸ்டுகளிடம் தோற்றுத் தைவானுக்குப் போன சியாங் கை ஷேக் படையெடுப்பு பேசுகிறார். உள்ளே பலவீனமாக இருக்கும்போதுதான் வெளியே இன்னும் விறைப்பாக நிற்பார்கள் என்பது அவர் கணிப்பு. முதல் தாக்குதலுக்குப் பின் ஓர் இடைவெளி, பேச்சுக்கு அழைப்பு, பிறகு பேரடி என்ற அதே வரிசை இங்கேயும் வருகிறது. இதைப் படித்தால் நேரு மேல் கோபம் குறையும் என்று சொல்ல மாட்டேன், எனக்குக் குறையவில்லை.

1990-களில் சீன ஆவணங்கள் கொஞ்சம் வெளியே வந்தபோது, சென் ஜியான் போன்ற வரலாற்றாசிரியர்கள், கொரியாவில் குதித்ததற்கு எல்லைப் பயம் மட்டும் காரணமில்லை, மாவோவின் புரட்சி வேகமும் உண்டு என்று காட்டினார்கள். நியாயமான திருத்தம்தான். வெளியே பேசியதை மட்டும் படித்தவருக்கு உள்ளே பேசியது எப்படித் தெரியும்? ஆனால் பணிக்கரை எழுப்பிச் சொன்னதும் வெளியே பேசியதுதானே, சாமி. அதைக்கூட அன்று யாரும் படிக்கவில்லை.

வைட்டிங் 2018-இல் காலமானார். புதிதாகப் படிக்க வருபவர்கள் 'சைனீஸ் கால்குலஸ்' புத்தகத்தின் இந்தியப் பகுதியிலிருந்து தொடங்கலாம். கொரியா அப்புறம்.