அட்வான்ஸுக்கு முன்னால்: கொழிஞ்சாம்பாறை நாட்குறிப்பு

மே 4
கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இரண்டு வீடு பார்த்தோம். ஒன்று வேலந்தாவளம் போகிற வழியில், புதுசு, நல்ல காற்று. இன்னொன்று கொழிஞ்சாம்பாறைக்குள்ளேயே ஐந்து சென்ட்டில் பழைய ஓட்டு வீடு, 28 லட்சம். என் கணவருக்குப் புதுசுதான் பிடித்தது. ஆதாரத்தின் (இங்கே பத்திரத்துக்கு அதுதான் பேர்) நகல் கேட்டேன். "அட்வான்ஸ் போடுங்க, அப்புறம் தரேன்" என்றார் புரோக்கர். பேப்பர் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடத் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டேன்.

மே 7
சர்வே நம்பர் மட்டும் கிடைத்தது. வில்லேஜ் ஆபீசில் விசாரித்தால், அந்தப் புது வீடு நிற்கிற இடம் இன்னும் 'நிலம்' என்றுதான் பதிவில் இருக்கிறது, அதாவது வயல். வீடு கட்டத் தோதானது 'புரையிடம்'. பஞ்சாயத்தில் வீட்டு நம்பரும் போடவில்லை.

கேரளத்தில் 2008இல் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இது சின்ன விஷயமே இல்லை. இடம் டேட்டா பேங்கில், அதாவது நெல்வயல், சதுப்புநிலப் பட்டியலில், இருந்தால் 5ஆம் நம்பர் படிவம் கொடுத்து நீக்க வேண்டும். பிறகு வகை மாற்ற 6ஆம் நம்பர் படிவம். 25 சென்ட் வரை கட்டணம் இல்லை என்று புரோக்கர் அடித்துச் சொன்னார். 2017 டிசம்பர் 30க்குப் பிறகு பெரிய வயலிலிருந்து பிரித்த துண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதை அவர் சொல்லவில்லை. டைல்ஸைக் காட்டுகிறவர்கள் இதையும் காட்ட வேண்டும். எளிய குடும்பங்களின் ஆயுள் சேமிப்பு இதில்தான் மாட்டிக்கொள்கிறது.

மே 11
கேரளத்தில் வாங்க மாமாவுக்கு மனசே இல்லை. "அம்மிணி, கோயமுத்தூர்ப் பக்கம் வாங்குனா பத்திரம் தமிழ்லயே இருக்குமல்லோ?" என்றார். அவர் பயம் நியாயமானது. புது வீடு வேண்டாமென்று விட்டாயிற்று, பழைய வீட்டின் ஆதாரத்தை வாங்கி வந்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். எல்லை, அளவு, முன்னாதாரம் (இதற்கு முந்தைய பத்திரம்) எல்லாம் கேட்டுக்கொண்டார். "சரி, கெணத்தப் பாத்துட்டு வாங்க" என்றார்.

மே 14
பழைய வீட்டின் 28 லட்சத்துக்குப் பணக் கணக்கு. 30 லட்சத்துக்குள் கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம். மீதி 2.8 லட்சம் நம் கையிலிருந்து. முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அது இன்னொரு 2.8 லட்சம், வங்கி இதை வீட்டு மதிப்பில் சேர்க்காது. ஆக 5.6 லட்சம் ரொக்கமாக வேண்டும், எழுத்துக்கூலி தனி. சீட்டுப் பணம் வந்தால் சமாளிக்கலாம்.

மே 18
கிணறு பார்த்தோம். சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்குப் பக்கம் மழை குறைவு. கோடையில் பார்த்ததுதான் நல்லது. "ஒரு வேளை எறைச்சா மறு வேளைக்கு ஊறிரும், கண்ணு" என்றார் பக்கத்து வீட்டு ஆத்தா. கரிசல் மண் வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். அதனால் ஜன்னல் மூலைகளில் சாய்வான விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். சமையலறையில் ஒன்று, மெல்லியது. கொத்தனாரை அழைத்துக் காட்ட வேண்டும்.

மே 21
இந்த இடம் புரையிடம்தான். கரம் (நிலவரி) கட்டிய ரசீதும் சரி. 30 வருட வில்லங்கச் சான்றிதழுக்கு மனு போட்டாயிற்று. முன்னாதாரம் விற்பவரின் அப்பா பேரில் இருக்கிறது. வாரிசு மூன்று பேர், ஒரு தங்கை திருப்பூரில். வியாழக்கிழமை வருகிறாராம். மூன்று கையெழுத்தும் ஒப்பந்தத்தில் விழுந்த பிறகுதான் அட்வான்ஸ்.