கணக்கு வராதவர்கள் வேலை தேடும்போது

வேலையின் பெயரைப் பார்த்துத்தான் முதலில் ஏமாறுகிறோம். நாகர்கோவில் நகைக்கடை விற்பனைக்குப் பேச்சு இருந்தால் போதும் என்று நினைத்துப் போவார்கள். அங்கே கல் எடையைக் கழித்து, சேதாரத்துக்கு சதவீதம் போட்டு, பழைய தங்கத்தைத் தள்ளித் தொகை சொல்ல வேண்டும். பில்லை கம்ப்யூட்டர் போடும், "எவ்வளவு வரும்?" என்ற கேள்வி அதற்கு முன்பே வந்துவிடும். நர்சிங்கும் அப்படித்தான்: 500 மில்லி குளுக்கோஸ் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், சொட்டுக் குழாய் (செட்) மில்லிக்கு 20 சொட்டு விடும் என்றால் நிமிடத்துக்கு 42 சொட்டு என்று கணக்கிடத் தெரிய வேண்டும். மயிலாடியில் கல்லில் சிலை கொத்துவதுகூட தாளக் கணக்கில்தான், அதாவது சிலையின் அளவு விகிதத்தில்தான், நிற்கிறது.

பிடிக்காதது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எண்ணைப் பார்த்து எழுதுவதா, மனப்பாடமாகச் சொல்வதா, கூட்டிக் கழிப்பதா? பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவதுதான் ஆகாது. கன்னியாகுமரியில் கைடு வேலை இரண்டாவது வகை: பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133 என்று ஒப்பித்தால் போதும். பத்மநாபபுரம் அரண்மனைப் பக்கம் என்றால் மலையாளமும் வேண்டும். திங்கட்கிழமை அங்கே விடுமுறை.

முதல் வகையில் நல்லது டைப்பிங். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் லோயர் என்ற கீழ்நிலைத் தேர்வை எழுதலாம், அதற்கு மேல்நிலை ஹையர். பிப்ரவரி, ஆகஸ்ட் என்று வருஷத்துக்கு இரண்டு முறை தேர்வு. லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. வேகத்துக்கு ஒரு தாள்; கடிதம், ஸ்டேட்மென்ட் என்ற அட்டவணைக்கு இன்னொன்று. ஸ்டேட்மென்ட்டில் எண்கள் வரிசையாக வரும், பயப்பட வேண்டாம்: கூட்டச் சொல்லவில்லை, பத்தி விலகாமல் அடித்தால் போதும். தமிழில் தடுமாறுவது செல்போனில் தட்டிப் பழகியவர்கள்தான். "யளனக" விரலுக்கு வந்த பிறகும், புள்ளியை எழுத்துக்குப் பின்னால் அடிப்பார்கள். மெஷினில் புள்ளிக்கு, தாளைத் தாங்கும் வண்டி நகராது. புள்ளி முதலில், எழுத்து பிறகு. இதை முதல் வாரத்திலேயே திருத்தாவிட்டால் வேகம் ஏறவே ஏறாது.

தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர், அல்லது ஒன்றில் ஹையரும் மற்றதில் லோயரும் இருந்தால் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் டைப்பிஸ்ட் பதவிக்குப் போகலாம். அதில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். கேள்விகளில் தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கு வருகிற திறனறி 25. திறனறியை மொத்தமாக விட்டாலும் 262.5 கையில் இருக்கிறது. ஆனால் வெறுமையாக விடாதீர்கள்: தவறான விடைக்குக் குறைப்பு இல்லை, அந்த 25-இல் பல கேள்விகள் கணக்கே அல்ல, தர்க்கம்தான். தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். உழைப்பை அங்கே போடுங்கள்.

தனியார் வேலைக்குப் போனால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சாயங்காலம் கல்லாவை யார் ஒப்படைப்பது?" பதிலில் உங்கள் பெயர் வந்தால், குறைகிற ரூபாயும் உங்கள் சம்பளத்தில்தான் விழும்.

டைப்பிங் சான்றிதழ் வந்ததும் நாகர்கோவில் கோணம் பகுதியிலுள்ள வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவில் சேர்த்துவிடுங்கள். பலர் பத்தாம் வகுப்போடு பதிந்தது பதிந்தபடியே விட்டிருப்பார்கள். புதுப்பித்தல் 3 ஆண்டுக்கு ஒருமுறை.