இரண்டு குடை அகலம்

போன வாரம் அம்மாவோடு மூஞ்சிக்கல் கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது (கொடைக்கானலில் இது ஒரு செய்தியே இல்லை). சாக்கடையை மூடிய சிலாப்தான் அங்கே நடைபாதை. எதிரே ஒருவர் குடையோடு வர, இரண்டு குடைகளும் ஒன்றையொன்று தாண்ட இடமில்லாமல் அம்மாதான் வழக்கம்போல ரோட்டில் இறங்கினார், பின்னால் வந்த டெம்போ டிராவலரின் கண்ணாடி குடையைத் தட்டிவிட்டுப் போனது. வண்டி நிற்கவில்லை. ஒரு கம்பி வளைந்ததோடு சரி. "நல்லவேளை, குடையோட போச்சு, விடு" என்றார் அம்மா. எனக்குத்தான் விட மனசில்லை.

வீட்டுக்கு வந்து குடையை விரித்து அளந்தேன், 95 சென்டிமீட்டர். குடியிருப்புத் தெருவிலேயே தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டராவது வேண்டும், கடைத்தெருவில் அதற்கும் மேல் வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸின் (சாலைக்குத் தரம் வகுக்கும் பொறியாளர் அமைப்பு, கட்சி இல்லை) 2012 வழிகாட்டி. கிட்டத்தட்ட இரண்டு குடை! மறுநாள் டேப்போடு போய் நின்றால், "என்ன தம்பி, இடிக்கப் போறாங்களா?" என்று ஒரு கடைக்காரர் பயந்துவிட்டார். நல்ல இடத்தில் ஒன்றேகால் குடை இருக்கிறது. கேரட் மூட்டையோ பைக்கோ நின்றால் அரைக் குடை.

நடப்பதற்கென்றே 1872லேயே பாதை போட்ட ஊர் இது. லெப்டினன்ட் கோக்கர் என்பவர் மலை விளிம்பில் போட்ட அந்த ஒரு கிலோமீட்டரில் வண்டித் தொல்லை இல்லை, அதில் டிக்கெட் வாங்கி நடக்கிறார்கள். சைக்கிளும் அப்படித்தான், ஏரியைச் சுற்றும் 5 கிலோமீட்டரில் வாடகைக்கு எடுத்து ஓட்டும் விளையாட்டுச் சாமானாகிவிட்டது. பிள்ளையைச் சைக்கிளில் பள்ளிக்கு அனுப்ப எங்கள் தெருவில் யாருக்கும் தைரியமில்லை. மேடு ஒரு காரணம்தான். ஆனால் ஏறும்போது தள்ளிக்கொண்டாவது போகலாம், இறக்கத்தில் மேகம் மூடிய வளைவில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்க எங்கே இடம்?

ஒவ்வொரு சீசனிலும் "ரோட்டை அகலப்படுத்தணும்" என்று ஒரு பேச்சு எழும். அகலப்படுத்தினால் பகலில் இன்னொரு வரிசை கார் நிற்கும், ராத்திரி காலி ரோட்டில் பறப்பார்கள். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர் போகும் விபத்து 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் நான் கேட்பது தலைகீழ். வண்டிக்குப் போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை, தலா 3 மீட்டர், மிச்சமெல்லாம் காலுக்கு. மலைப் பக்கச் சாக்கடையை ஒன்றும் செய்ய முடியாது, சரிவிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் போயாக வேண்டும். ஆனால் அதன் மூடி நடைபாதையோடு ஒரே மட்டத்தில் இருக்கலாம், தூர்வார எடுக்கும்படியும் பாசியில் வழுக்காத சொரசொரப்போடும் இருக்கலாம். ரோட்டைக் கடக்கும் இடத்தை நடைபாதை உயரத்துக்கே தூக்கிவிட்டால் வண்டி ஏறி இறங்கும், அம்மாவின் முழங்கால் ஏறி இறங்க வேண்டாம். முதலில் சுண்ணாம்புக் கோடும் தகர டிரம்மும் வைத்து ஒரு வாரம் பார்க்கட்டுமே.

சென்னைப் பாண்டி பஜாரில் 2019லேயே நடைபாதையை விரித்துவிட்டார்கள், கடைகள் இன்றும் இருக்கின்றன. பைக் ஏறாமல் இருக்க நடுவே குட்டைத் தூண் நட வேண்டும், அதை மட்டும் மறக்கக் கூடாது.

2025 சீசனில் ஊருக்குள் நாளொன்றுக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000தான் விடலாம் என்று உயர்நீதிமன்றம் கணக்கு வைத்தது. நல்ல நடைபாதை அடிப்படை உரிமை என்று அதே ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்றமும் சொன்னது. வண்டிக்கு மலையடிவாரத்திலேயே இ-பாஸ் பார்க்கிறார்கள். நடைபாதையை டேப் வைத்துப் பார்க்க வந்த ஆள் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

அம்மா நேற்று மழைக்கோட்டு வாங்கிவிட்டார். குடை இந்த ரோட்டுக்கு ஒத்துவராதாம்.